வாங்கின விதை

கொல்லிமலை பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. இன்னும் எவ்வளவு அவஸ்தை பாக்கி என்று கணக்குப் பார்த்துக்கொண்டே ஏறலாம். இருபதாவது வளைவில் முன்சீட்டு அம்மாள் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர ஆரம்பித்தார். நாற்பதாவதில் நானும் வெட்கத்தை விட்டு, "எனக்கும் ஒண்ணு இருக்குமாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

போன மார்கழியில் நான் மலையேறியது அறப்பளீஸ்வரரைத் தரிசிக்க அல்ல. ஆகாய கங்கையில் குளிக்கவும் அல்ல. ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்க.

அக்கா பையன் மலைமேல் பள்ளிக்கூட வாத்தியார். செம்மேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு ஓட்டு வீட்டில் குடியிருக்கிறான். அவனிடம் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. இன்டர்நெட் என்று பார்த்தால், வாசல் திண்ணையின் தென்கிழக்கு மூலையில் செல்போனை வைத்தால் வரும். பனிமூட்டம் இறங்கினால் அதுவும் வரலாம், வராமலும் போகலாம்.

அவனுக்கு ஒரு ஆசை. தமிழ் விக்கிபீடியா முழுவதையும் இறக்கி வைத்துக்கொண்டு, நெட் இல்லாமலே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இது நடக்காத காரியமல்ல. தமிழ் விக்கிபீடியா 2003ல் ஆரம்பித்தது. கிவிக்ஸ் என்று ஓர் இலவச ஏற்பாடு 2007லிருந்து இருக்கிறது. விக்கிபீடியாவின் கட்டுரைகளையெல்லாம் ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு தடவை இறக்கிவிட்டால் போதும், அப்புறம் காட்டுக்குள் உட்கார்ந்துகூடப் படிக்கலாம்.

அந்த ஒரு தடவைதான் தகராறு.

"பாதி வருது மாமா. அறுந்துடுது. மறுபடி மொதல்லேர்ந்து. நாலு ராத்திரி பார்த்துட்டேன்" என்றான் போனில். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்கதான் அந்தக் காலத்துல டாரன்ட் எல்லாம் போடுவீங்களே..." என்றான்.

அந்தக் காலத்தில் போடுவேன்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

டாரன்ட் என்றதும் நம்மூரில் வெள்ளிக்கிழமை ரிலீசான படம் சனிக்கிழமை வீட்டுக்கு வருவதுதான் ஞாபகம் வரும். அந்தக் கெட்ட பெயரை அது உழைத்துச் சம்பாதித்திருக்கிறது. 1999ல் நாப்ஸ்டர் வந்தது, 2001ல் கோர்ட் உத்தரவால் அடங்கியது. அப்புறம் கஸா, ஈம்யூல், லைம்வயர் என்று வரிசையாக வந்தன. லைம்வயர் 2010ல் கோர்ட் உத்தரவால் நின்றது. நம்மூர்க் கதையும் உண்டு. 2012ல் '3', 'தம்மு' படங்களின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். உடனே இன்டர்நெட் கம்பெனிகள் பைரேட் பேயோடு சேர்த்து, விமியோ போன்ற யோக்கியமான வீடியோ தளங்களையும் மொத்தமாக இழுத்து மூடிவிட்டன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அடுத்த மாதமே நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது.

ஆனால் கத்தியைத் திட்டி என்ன பிரயோசனம்? காய் நறுக்குகிறவர்களும் அதையே வைத்துத்தானே நறுக்குகிறார்கள்? லினக்ஸ் ஆர்வலர்கள் பல வருஷமாகத் தங்கள் சிடிக்களை டாரன்டில்தான் பரப்பினார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012லிருந்து தன் கிடங்கில் உள்ளவற்றை டாரன்டாகவும் தருகிறது. கிவிக்ஸும் தருகிறது. மாப்பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

பிட்டாரன்ட் என்கிற இந்த முறையை 2001ல் வெளியிட்டவர் பிராம் கோஹன் என்கிற அமெரிக்கர். யோசனை எளிமையானது. ஒரு பெரிய ஃபைலை ஆயிரக்கணக்கான துண்டுகளாக நறுக்குவது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை. எந்தத் துண்டை யாரிடமிருந்து வேண்டுமானாலும், எந்த வரிசையில் வேண்டுமானாலும் வாங்கலாம். வந்த துண்டின் கைரேகை பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு அதை மட்டும் திரும்பக் கேட்டுக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும், லைன் அறுந்தாலும், பனி இறங்கினாலும் வந்த துண்டுகள் வந்தவைதான். விட்ட இடத்திலிருந்து தொடரும். திண்ணை மூலை இன்டர்நெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

இன்னொரு விஷயம். உங்களிடம் ஒரு துண்டு வந்து சேர்ந்ததும், அது இல்லாத இன்னொருவருக்கு நீங்கள் அதைக் கொடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். வாங்கிக்கொண்டே கொடுப்பது. பந்தியில் சாப்பிட்டுக்கொண்டே பக்கத்து இலைக்குப் பரிமாறுவது மாதிரி. முழு ஃபைலையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுப்பவருக்கு இந்தப் பாஷையில் 'சீடர்' என்று பெயர். குருவுக்குப் பின்னால் நிற்பவர் அல்ல, விதை போடுகிறவர். வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுகிறவருக்கு 'லீச்'. அதாவது அட்டை. காலில் ஏறி, குடித்துவிட்டு, உதிர்ந்துவிடுமே, அதே அட்டை.

அவன் கம்ப்யூட்டரைத் திறந்தால், முதல் வேலை சுத்தம் செய்வதாக இருந்தது. அவனே எங்கிருந்தோ ஒரு கிளையன்டை இறக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறான். தேடினால் மேலே வருகிற தளத்தில் மூன்று பச்சை பட்டன்கள், மூன்றிலும் 'டவுன்லோடு'. அதில் இரண்டு விளம்பரம். இவன் சரியாகத் தப்பானதை அழுத்தியிருக்கிறான். அடுத்து அடுத்து என்று தட்டிக்கொண்டே போனதில் பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறி, 'உங்கள் கம்ப்யூட்டரில் 417 பிரச்னைகள்' என்று ஒரு பெட்டி நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்த்தது.

"நானூத்திப் பதினேழும் அதுதான் மாப்ளே" என்றேன்.

அதை ஒழித்துக்கட்ட ஒரு மணி நேரம் ஆனது.

சரி, எதைத்தான் போடுவது? 2005ல் வந்த மியூடாரன்ட் ஒரு காலத்தில் எங்களுக்கெல்லாம் செல்லப்பிள்ளை. ஃப்ளாப்பியில் அடங்குகிற அளவில் இருந்தது. அப்புறம் கைமாறி, கொழுத்து, விளம்பரம் சேர்ந்தது. 2015ல் அதோடு கூடவே கிரிப்டோ காசு தோண்டுகிற ஒரு புரோகிராமும் வந்து இறங்குவதாகப் பயனர்கள் கொதித்தார்கள். உங்கள் கரண்டில் இன்னொருவர் காசு பண்ணுகிற வேலை. டிரான்ஸ்மிஷன் எளிமையாக இருக்கும். நான் போட்டது க்யூபிட்டாரன்ட். கிறிஸ்டோஃப் டுமேஸ் என்கிறவர் 2006ல் ஆரம்பித்தது, தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வது. விளம்பரம் கிடையாது. நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடக்கிறது. கிளையன்ட் தேர்ந்தெடுக்க என் விதி ஒன்றுதான். இலவசமாகத் தருகிறவன் எதில் சம்பாதிக்கிறான் என்று கேளுங்கள். 'எதிலும் இல்லை, நாலு பேர் சேர்ந்து செய்கிறோம், வேண்டுமானால் நன்கொடை கொடு' என்று பதில் வந்தால் போடலாம். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். மூன்று பட்டன் இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

முதல் தடவை திறந்ததும் க்யூபிட்டாரன்ட் ஓர் அறிவிப்பைக் காட்டும். இது ஃபைல் பகிர்கிற புரோகிராம், நீ இறக்குவது மற்றவர்களுக்கும் போகும், எதைப் பகிர்கிறாயோ அதற்கு நீயே பொறுப்பு என்று. எல்லோரும் படிக்காமல் 'சம்மதம்' தட்டுகிற இடம். நான் அவனை உரக்கப் படிக்கச் சொன்னேன்.

"எதுக்கு மாமா?"

"வாத்தியார்னா மொதல்ல பாடத்தைப் படிக்கணும்."

அதில்தான் எல்லாம் இருக்கிறது. டாரன்டில் படம் இறக்குகிறவர் வெறும் பார்வையாளர் அல்ல, வாங்கின துண்டுகளை ஊருக்கெல்லாம் கொடுக்கிறவர். அவருடைய இன்டர்நெட் முகவரி அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அடுத்தது செட்டிங். அதிகமில்லை, நாலே விஷயம். ஃபைல்கள் போய்ச் சேர ஒரு தனி ஃபோல்டர், விண்டோஸ் இருக்கிற டிரைவில் வேண்டாம். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, 99 சதவீதத்தில் இடமில்லை என்று நிற்பதைவிடக் கொடுமை கிடையாது. பகலில் மெதுவாக, ராத்திரியில் வேகமாக என்று ஒரு நேர அட்டவணை. நாலாவது, அப்லோடு வேகம். அதாவது நம்மிடமிருந்து மற்றவர்களுக்குப் போகிற வேகம்.

"இதுக்கு ஜீரோ போட்டுடலாமா மாமா? நம்ம டேட்டா மிச்சம்."

இதே ஜீரோவைத்தான் உலகத்தில் பாதிப் பேர் போடப் பார்க்கிறார்கள். க்யூபிட்டாரன்டில் ஒரு குறும்பு. அந்தக் கட்டத்தில் ஜீரோ என்றால் 'கொடுக்காதே' என்று அர்த்தமில்லை, 'எல்லையே இல்லை' என்று அர்த்தம். கஞ்சனைக் கர்ணனாக்கிவிடும். முழுசாகத் திறந்துவிடுவதும் தப்பு. வெளியே போகிற வழி அடைத்துக்கொண்டால் உள்ளே வருவதும் திணறும். 'கிடைத்தது, அடுத்ததை அனுப்பு' என்கிற ரசீதுகூட அந்த வழியாகத்தானே போக வேண்டும்? லைன் தாங்குகிற அப்லோடு வேகத்தில் எண்பது சதவீதம் போட்டால் சரியாக இருக்கும். கம்பெனிக்காரர்கள் சொல்வது பிட் கணக்கு, கிளையன்ட் கேட்பது பைட் கணக்கு. எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு விக்கிபீடியா டாரன்டைக் கொடுத்தோம். போனைத் தென்கிழக்கு மூலையில், பாத்திரம் கவிழ்க்காத குறையாகப் பத்திரப்படுத்தினோம். ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. பிறகு ஒருவர் வந்தார், ஏழு பேர் வந்தார்கள், பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஜெர்மனிக் கொடி, பிரான்ஸ் கொடி, சிங்கப்பூர்க் கொடி. முகம் தெரியாத யாரோ, தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாதவராகவும் இருக்கலாம், தன் கரண்டைச் செலவழித்துக் கொல்லிமலை வீட்டுக்குத் தமிழ் விக்கிபீடியாவைத் துண்டு துண்டாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பத்தாவது படிக்கிறவன்.

"சார், இதுல புதுப்படம் வருமா?"

"வரும்" என்றேன். பொய் சொல்ல மனசில்லை. "உங்க அப்பா என்ன பண்றார்?"

"மிளகு சார்."

"காயப்போட்ட மிளகை ராத்திரியில ஒருத்தன் அள்ளிட்டுப் போய், ஊர் பூரா சும்மா குடுத்தா?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அள்ளினா அங்க இருக்காது சார். படம் அங்கயேதான இருக்கும்?" என்றான்.

பத்தாம் கிளாஸ் பையன் கேட்ட கேள்வியைத்தான் பெரிய பெரிய வக்கீல்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். "மிளகு இருக்கும்பா. வாங்க வர்ற ஆள் இருக்க மாட்டான்" என்றேன். முழுசாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் சிரித்தான்.

நடுராத்திரியில் இரண்டு தடவை லைன் அறுந்தது. கரண்ட் ஒரு தடவை போனது. கம்பளிக்குள்ளிருந்து எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வந்தேன். அது எதையும் மறக்கவில்லை. காலையில் ஏழு மணிக்குப் பார்த்தால் 100 சதவீதம்.

மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளைகளுக்குக் காட்டப் போகிற முதல் கட்டுரை கொல்லிமலையைப் பற்றியது என்றான். பென் டிரைவில் காப்பி எடுத்தான். அடுத்த விநாடி மவுஸை நகர்த்தி கிளையன்டை மூடப் போனான்.

"வந்துடுச்சில்ல மாமா. இனிமே எதுக்கு?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வாசலில் சத்தம் கேட்டது.

வீட்டுக்காரரின் அம்மா. எழுபது வயசுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு படி, இடுப்பில் ஒரு துணி மூட்டை. எங்கள் வாசல் வழியாக மேட்டு வீட்டுக்குப் போகிறவர், குளிருக்குத் திண்ணையில் மூட்டையை இறக்கினார்.

"என்ன பாட்டி, காலையிலயே?"

"வெத சாமைப்பா. ஆனியில மேட்டு வூட்ல வாங்குனேன். கட்டவெட்டிச் சாமை. அறுத்தாச்சில்ல, குடுக்கணும்ல?"

"எவ்வளவு வாங்கினீங்க?"

"ரெண்டு படி."

மூட்டை இரண்டு படிக்கு மேல் இருந்தது. கேட்டேன்.

"வாங்குனத அப்படியே குடுத்தா அது திருப்பிக் குடுக்கறது சாமி. கூடக் குடுத்தாத்தான் வெத. அடுத்த வருசம் எனக்கே இல்லாமப் போச்சுன்னா யாரு வூட்ல போயி நிப்பேன்?"

சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

இது அந்தப் பாட்டியின் தனி நல்லகுணம் அல்ல. மலையின் பழைய ஏற்பாடு. வெள்ளைப் பெருஞ்சாமை, மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை என்று சாமையிலேயே எத்தனையோ ரகம். தினையில் தனி, கேழ்வரகில் தனி. எந்தக் கடையிலும் கிடைக்காதவை. ஒருவர் வீட்டுத் தொம்பையில் இல்லாவிட்டால் இன்னொருவர் வீட்டில் இருக்கும். மரவள்ளிக்கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலைகளின் காசு வந்ததும் மேட்டு நிலமெல்லாம் கிழங்காக மாறியது. சாமை போடுகிறவர்கள் குறைந்தார்கள். போடுகிறவர் குறைந்தால் விதை வைத்திருப்பவர் குறைவார். ஒரு ரகம் கடைசி ஒரு வீட்டில் மட்டும் இருந்து, அந்த வீட்டிலும் ஒரு வருஷம் எலி தின்றுவிட்டால் அதோடு முடிந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் 1988ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களிலிருந்து இந்த மலைக்காரர்களோடு சேர்ந்து ஊர் விதை வங்கிகளை அமைத்ததற்குக் காரணம் இதுதான். விதையை இரும்புப் பெட்டியில் பூட்டிக் காப்பாற்றுவது ஒரு வழி. நாலு பேர் நிலத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னொரு வழி.

பிராம் கோஹன் இதற்கு வைத்த பெயரும் 'சீட்'தான். அவருடைய ஏற்பாட்டில் இரண்டு நல்ல விதிகள் உண்டு. கூட்டத்தில் எந்தத் துண்டு மிகக் குறைவான பேரிடம் இருக்கிறதோ அதை முதலில் வாங்கு. அருகிப் போகிறதை முதலில் பெருக்கு என்று அர்த்தம். இரண்டாவது, கொடுக்கிறவனுக்குக் கொடு, ஆனால் அவ்வப்போது கையில் ஒன்றுமே இல்லாதவனுக்கும் கொஞ்சம் கொடுத்துப் பார். புதிதாக வந்தவன் எதை வைத்து ஆரம்பிப்பான்? பாட்டிக்கு இதை விளக்கியிருந்தால், 'இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?' என்று கேட்டிருப்பார்.

மாப்பிள்ளை மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது அந்தப் பழைய கதை.

எனக்கு ஒரு நண்பர் இருந்தார். வங்கி உத்தியோகம். லீவு கிடைத்தால் தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பிவிடுவார். பெரிய வித்வான்கள் அல்ல, சின்னச் சின்னக் கோயில்களில் உற்சவத்துக்கு வாசிக்கிற நாதஸ்வரக்காரர்கள், யாரும் கேஸட் போடாதவர்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு, ஒரு சின்ன ரிக்கார்டரில் பதிவு செய்வார். 2007ல் 22 பதிவுகளை ஒன்றாக்கி, வாசித்தவர்கள் சம்மதத்தோடு ஒரு டாரன்டாகப் போட்டார். ஒன்றரை ஜிபி இருக்கும். எங்களுக்கெல்லாம் மெயிலில் அனுப்பினார். 'முடிஞ்சதும் மூடிடாதே. ஒரு வாரமாவது திறந்து வை. நான் ஒருத்தனே குடுத்துக்கிட்டிருக்கேன்' என்று கீழே ஒரு வரி.

அப்போது பிஎஸ்என்எல் டேட்டாஒன் காலம். சில திட்டங்களில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்கினால் கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து இறக்கினேன். மூன்று ராத்திரி. முடிந்தது. பத்து நிமிஷத்தில் மூடிவிட்டேன். டேட்டா தீர்ந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ராத்திரியில்தான் கணக்கே கிடையாதே! கஞ்சத்தனம், சோம்பல். இரண்டும்தான்.

நண்பர் 2012ல் போய்விட்டார். அவர் கம்ப்யூட்டரை வீட்டில் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அதற்குள் என்ன இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் பிரதி இருந்த ஹார்ட் டிஸ்க் அதற்கு முன்னாலேயே 'டிக் டிக்' என்று இரண்டு நாள் முனகிவிட்டுச் செத்துப்போனது. மிச்சமிருந்தது மெயிலில் அவர் அனுப்பிய அந்தக் குட்டி டாரன்ட் ஃபைல் மட்டும். விதை இல்லை. விதையின் விலாசம்.

பல தடவை அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். 0.0 சதவீதம். சீடர் 0. அந்தப் பூஜ்யத்தில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலைக்குக் கீழே நின்றோம். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152ஆவது பாட்டு. ஓரி இருந்தான், கொடுத்தான் என்று நமக்கு எப்படித் தெரியும்? எங்கோ யாரோ சலிக்காமல் ஏட்டைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்ததால். உ.வே.சாமிநாதையர் பல ஊர்ப் பிரதிகளைத் தேடி, இதில் இல்லாததை அதில் பார்த்து, ஒப்பிட்டுச் சேர்த்து 1894ல் புறநானூற்றை அச்சிட்டார். அப்படியும் 400 பாட்டில் 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் இல்லை, கடைசிப் பத்தும் இல்லை. 80 சதவீதத்தில் நின்றுபோன டாரன்ட். சீடர் 0. எந்த ஊரில், யார் வீட்டுப் பரணில், யார் 'வந்துடுச்சில்ல, இனிமே எதுக்கு?' என்று விட்டார்களோ!

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன், "மாப்ளே, உன் மெஷின்ல இன்னொண்ணையும் சேர்த்துட்டு வந்திருக்கேன். ஒண்ணும் வராது. இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். நண்பரின் டாரன்ட் ஃபைல்.

"ராத்திரியில ஓடவிடறேன் மாமா. விக்கிபீடியாவும் ஓடட்டும்" என்றான்.

தை பிறந்து மூன்று வாரம் இருக்கும். ராத்திரி பத்தரைக்குப் போன்.

"மாமா, உங்களோடது ஓடுது."

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஒருத்தர் வந்திருக்கார் மாமா. நேத்து ராத்திரி. பன்னெண்டு பர்சன்ட் ஆயிடுச்சு."

இப்போதெல்லாம் பழைய டிராக்கர் செத்துப்போயிருந்தாலும் கிளையன்ட்டுகள் ஒன்றையொன்று விசாரித்து, இந்த ஃபைல் வைத்திருப்பவர் யாராவது உண்டா என்று கண்டுபிடித்துக்கொள்ளும். உலகத்தில் எங்கேயோ ஒருத்தர், இத்தனை வருஷம் கழித்து, எதற்காகவோ பழைய டிஸ்க்கைத் தட்டி எழுப்பியிருக்கிறார். நான்கு ராத்திரி அவர் வந்து வந்து போனார். 61.4 சதவீதத்தில் நின்றது. அவரிடமும் அவ்வளவுதான் இருந்தது. 22 பதிவுகளில் 13 முழுசாக வந்திருந்தன.

மாப்பிள்ளை ஒன்றைப் போன் வழியாகவே வைத்துக் காட்டினான். முதலில் கோயில் வாசல் இரைச்சல், யாரோ குழந்தை அழுவது, ஒரு இருமல். அப்புறம் என் நண்பர் குரல், ரொம்பப் பக்கத்தில்: "ஆரம்பிக்கலாங்களா?" அதற்குப் பிறகு நாதஸ்வரம்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவன் "மாமா? மாமா?" என்றான்.

"மீதி ஒம்போது?" என்று கேட்டேன்.

"அவர்கிட்ட இல்லை மாமா. அவரும் யாராவது வருவாங்கன்னுதான் தெறந்து வச்சிருக்கார் போல."

இப்போது என் வீட்டுக் கம்ப்யூட்டரும் ராத்திரியில் ஓடுகிறது. கரண்ட் பில்லைப் பார்த்து வீட்டில் கேட்டார்கள், சொன்னேன். மூன்று பேர் இருக்கிறோம். பெயர் தெரியாத அவர், கொல்லிமலை, நான். மூவரிடமும் அதே 61.4.

2007ல் தெரிந்தவர் அனுப்பினார் என்று நாதஸ்வரம் இறக்கி வைத்தவர் யாராவது இதைப் படித்தால், பரணில் இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். எனக்கு வேண்டியது ஒன்பது.